விலாசம் நீண்ட வீடு

திண்டுக்கல் மணிக்கூண்டை ஒட்டிய சந்து ஒன்றில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் என் பால்ய நண்பர், கல்யாணப் படங்களைக் காத்து வைப்பதில் கோயில் பண்டாரத்தைக் காப்பவருக்கு நிகரான சிரத்தையுடையவர். எந்த வருஷத்து எந்த முகூர்த்தத்துப் படத்தை எவர் வந்து கேட்டாலும், இல்லையென்று சொல்லி அனுப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையே அவரை ஒரு சங்கடத்திலும் கொண்டுபோய் நிறுத்திற்று. கணினியை மாற்றும்போதெல்லாம், பழைய வட்டைப் புதிய கணினியில் மாட்டி, அதில் இருந்த அனைத்தையும் 'பழைய பேக்கப்' என்றொரு கோப்புறைக்குள் போட்டார். அடுத்த முறை மாற்றியபோது அதை 'பழைய பேக்கப் மொத்தம்' என்பதற்குள் போட்டார். அதற்கும் அடுத்த முறை அதையும் 'பழைய கடை கம்ப்யூட்டரில் இருந்த எல்லாம், அழிக்க வேண்டாம்' என்பதற்குள் போட்டார். அதன் உள்ளேயோ வருஷம், மாதம், மண்டபம், குடும்பம், நலங்கு, ரிசப்ஷன், மறுவீடு என்று அடுக்கடுக்காக அறைகள். வட்டில் இடம் போதாத ஒரு நாளில், எல்லாவற்றுக்கும் வேறு பிரதி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அதை அழிக்கப் போனால், கணினி மறுத்துவிட்டது.

"சார், மேல இருக்கறது தெரியுது, உள்ள கடைசி ஃபோல்டர் திறக்கவும் மாட்டேங்குது, டெலிட்டும் ஆகமாட்டேங்குது. பேரு ரொம்ப நீளம்னு சொல்லுது" என்று கடைப் பையன் என்னிடம் முறையிட்டான்.

ஒரு பொருளை உள்ளே வைக்க இடங்கொடுத்த யந்திரம், அதே பொருளை வெளியே தள்ள மாட்டேன் என்பது, கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த அண்டா பந்தி முடிந்தபின் வாசலில் மாட்டிக்கொண்டதைப் போன்ற விசித்திரந்தான். அண்டாவும் பெருக்கவில்லை, வாசலும் சிறுக்கவில்லையென்றால், இடையில் என்ன நேர்ந்திருக்கும்?

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். படமோ கடிதமோ பாட்டோ, ஒரு பெயரின்கீழ் வட்டில் எழுதி வைத்த எதுவும் கோப்பு. கோப்புகளையும் வேறு உறைகளையும் தன்னுள் கொள்வது கோப்புறை. வட்டின் தலைவாயிலிலிருந்து ஒரு கோப்பைச் சென்று சேரும் வரையில் கடக்க வேண்டிய உறைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இரண்டிரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு சாய்கோடு இட்டால் கிடைக்கும் நீண்ட தொடர்தான் பாதை. நாம் கடிதத்தின்மேல் எழுதும் விலாசம் இதற்கு நேர் மாறான திசையில் செல்வது: கதவிலக்கத்தில் தொடங்கித் தெரு, ஊர், வட்டம், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறது. சோழர் காலத்துச் சாசனங்களை எழுதினவர்களோ மண்டலத்தில் தொடங்கி, வளநாடு, நாடு என்று இறங்கி, கடைசியில் ஊரின் பெயரைச் சொன்னார்கள். கணினி அந்தச் சாசன மரபைச் சேர்ந்தது என்று சொல்லலாம். உறைக்குள் உறையாகக் கோப்புகளை அடுக்கும் இந்த ஏற்பாட்டை 1965ஆம் ஆண்டிலேயே மல்டிக்ஸ் என்னும் அமெரிக்கக் கணினித் திட்டத்தார் விவரித்து எழுதினார்கள்; பின்னால் யூனிக்ஸ் வழியாக அது உலகெங்கும் பரவிற்று.

இனி, எல்லோரும் பிழையாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். கோப்பின் முழு விலாசமும் கோப்பின் நெற்றியிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கும் என்றுதான் நாம் அனுமானிக்கிறோம். உண்மை அதுவன்று. விண்டோஸ் கணினிகளின் வட்டுகளில் 1993 முதல் வழங்கிவரும் என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில், ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஒரு பதிவு உண்டு. அப்பதிவில், விலாசத்தைப் பொறுத்தவரை, அதன் சொந்தப் பெயரும், அதைத் தன்னுள் கொண்ட தாயுறையின் பதிவெண்ணும் மாத்திரமே இருக்கின்றன. பாட்டியின் பெயரோ முப்பாட்டியின் பெயரோ அங்கே கிடையாது. தாயுறையின் பதிவைப் பார்த்து அதன் தாயையும், அதைப் பார்த்து அதற்கும் மேலானதையும் அறிந்து, கேட்கும் அவ்வேளையில் முழுப்பாதை கோத்துத் தரப்படுகிறது.

இது எப்படித் தெரியும் என்று கேட்பவர், வட்டின் உட்புறத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டுவதில்லை. லட்சம் படங்களை உள்ளடக்கிய ஒரு கோப்புறையின் பெயரை மாற்றிப் பாருங்கள், கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அதே கோப்புறையை அந்த வட்டிலேயே வேறோர் உறைக்குள் நகர்த்தினாலும் அப்படியே. ஆனால் வேறொரு வட்டுக்குப் பிரதியெடுக்கச் சொன்னால், பையன் டீ குடித்துவிட்டு வந்தும் முடிந்திருக்காது. லட்சம் கோப்புகளின் நெற்றியிலும் முழு விலாசம் எழுதியிருந்தால், பெயர் மாற்றத்தின்போது லட்சத்தையும் அழித்து எழுத வேண்டுமல்லவா? அப்படி எழுதும் நேரத்தை அது எடுத்துக்கொள்ளாததே, அங்கு எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்பதற்குப் பிரத்தியட்சச் சான்று.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் பிரிந்தபோது, நிலக்கோட்டை வட்டத்து வத்தலக்குண்டில் ஒரு வீடுகூட ஓர் அங்குலம் நகரவில்லை. ஒரு கதவிலக்கமும் மாறவில்லை. ஆயினும் அங்கிருந்த ஒவ்வொருவருடைய விலாசமும் அன்று மாறிப்போயிற்று. பின்னர் சில காலம் 'திண்டுக்கல் அண்ணா மாவட்டம்' என்று எழுதினோம்; 1997இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டபோது மறுபடியும் வெறும் திண்டுக்கல் ஆனோம். சென்னையில் ஓர் ஆணையில் மாறியது ஒரு பெயர். அதனால் நீண்டதும் குறுகியதும், கீழே உறங்கிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான விலாசங்கள்.

என் நண்பர் தம்மை அறியாமல் செய்ததும் இதுவே. ஒவ்வொரு முறையும் அவர் புதிய உறை ஒன்றை மேலே போர்த்தி, பழையதை அதற்குள் நகர்த்தியபோது, மாறியது ஓரிரு பதிவுகளே. ஆகையால் ஒருவரும் தடுக்கவில்லை. கீழே இருந்த ஆயிரமாயிரம் படங்களின் விலாசமோ ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே சென்றது. அண்டாவும் பெருக்கவில்லை, வாசலும் சிறுக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே இன்னொரு மண்டபத்தைக் கட்டிவிட்டார்கள்.

விலாசம் நீண்டால் என்ன கெட்டுவிட்டது? இங்கேதான் விண்டோஸின் பழைய நியதி ஒன்று குறுக்கே வருகிறது. அந்நியதியின்படி ஒரு முழுப்பாதைக்கு உள்ள இடம் 260 குறிகள். வட்டைக் குறிக்கும் எழுத்து, அதையடுத்த இரட்டைப்புள்ளி, ஒரு சாய்கோடு ஆக மூன்று. பெயர்களுக்கும் அவற்றின் நடுவிலுள்ள சாய்கோடுகளுக்குமாக 256. இத்துடன் முடிந்தது என்று அறிவிக்கும் கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி ஒன்று. கோப்புறையைப் புதிதாகப் படைக்கும்போது இந்த எல்லை இன்னும் இறுக்கமாகி 248க்கு இறங்கிவிடும்.

இதைச் சோதிக்க விரும்புகிறவர், டி என்னும் வட்டில், பின்னால் சொல்லப்போகும் நீள்பாதைத் தளர்வு எதுவும் இயக்கப்படாத கணினியில், கட்டளைச் சாளரத்தின் வழியே 'நியூ ஃபோல்டர்' என்ற ஆங்கிலப் பெயரிலேயே உறைக்குள் உறையாகப் படைத்துக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் அப்பெயர் நடுவிலுள்ள வெற்றிடத்தோடு சேர்த்துச் சரியாகப் பத்துக் குறிகள். இருபத்திரண்டாவது உறை வரையில் பாதையின் நீளம் 244, அது செல்லும். இருபத்துமூன்றாவதைப் படைக்கப் போனால் 255 ஆகிறது. அங்கே கதவு சாத்தப்படும்.

அது என்ன 248? 260இலிருந்து 12ஐக் கழித்தால் வருவது. 12 ஏன்? எம்.எஸ். டாஸ் காலத்தில் ஒரு கோப்பின் பெயர் எட்டெழுத்தும், ஒரு புள்ளியும், அதன் பின் மூன்றெழுத்துமாகப் பன்னிரண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஓர் உறையைப் படைத்தால் அதனுள் அந்தப் பழைய கணக்கில் ஒரு கோப்பையாவது வைக்க இடமிருக்க வேண்டும் என்ற தர்மசிந்தனையில், பன்னிரண்டு இடங்களை ஒதுக்கி வைத்தார்கள். டாஸில் கோப்புறைகளே 1983இல் இரண்டாம் பதிப்போடுதான் வந்தன. 1995இல் வந்த விண்டோஸ் 95, ஒரு பெயர் 255 குறிகள் வரை நீளலாம் என்று தாராளம் காட்டிற்று. எட்டும் மூன்றுமான பெயர்கள் வழக்கொழிந்து போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அவற்றுக்கென ஒதுக்கிய பன்னிரண்டு இடங்கள், மாட்டுவண்டி மறைந்த தெருவில் சக்கரம் உராயாதிருக்க நட்ட முட்டுக்கல்லைப் போல, அப்படியே நின்றுகொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கை. கடைக் கணினி காட்டிய ஆங்கில அறிவிப்பு, கோப்பு முறைமை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பெயர் நீண்டுவிட்டது என்று பழியைக் கோப்பு முறைமையின்மேல் போடுகிறது. என்.டி.எஃப்.எஸ். குற்றமற்றது, அது ஏறக்குறைய 32,767 குறிகள் வரை உள்ள பாதையையும் ஏற்கும். தடை செய்வது, வாசலில் காவற்காரனாக நிற்கும் விண்டோஸின் அந்தப் பழைய நியதிதான். உள்ளே இருக்கும் வீட்டுக்காரர் யாரையும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை.

அப்படியானால் காவற்காரனை விலக்கிவிடலாமே? அதில் உள்ள சூட்சுமம் இது. முப்பது ஆண்டுகளாக எழுதப்பட்ட எண்ணிலடங்காத நிரல்கள், 260 என்பது மாறாதது என்று நம்பி, பாதையை வாங்கி வைத்துக்கொள்ள 260 குழிகள் உள்ள தட்டு ஒன்றைத் தத்தம் நினைவகத்தில் செய்து வைத்திருக்கின்றன. அதில் முந்நூறைக் கொட்டினால், மிஞ்சிய நாற்பதும் பக்கத்துத் தட்டில் வழிந்து, அங்கிருந்த வேறு கணக்கைக் கெடுக்கும். தீயவர்கள் வேண்டுமென்றே அவ்வாறு வழியவிட்டு நிரலைத் தம் வசப்படுத்திக்கொள்வதும் உண்டு. ஆகவே 2016இல் விண்டோஸ் 10இன் ஒரு புதுப்பிப்பில் எல்லையைத் தளர்த்தியபோதும், கணினியின் உடைமையாளர் அனுமதி தரவேண்டும், நிரலும் நீள்பாதை எனக்குச் சம்மதம் என்று தன் சாசனத்தில் எழுதியிருக்கவேண்டும் என இரட்டைக் கையெழுத்துக் கேட்டார்கள். நாம் கோப்புகளைப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரரோ, விண்டோஸ் 10இல் அந்தச் சம்மதத்தை முழுதாகத் தரவில்லை.

சிருஷ்டிக்கு இவ்வளவு போதும், சம்ஹாரத்துக்கு வருவோம். மேலே உள்ள பெரிய உறையின் விலாசம் குறுகியதுதானே, அதைப் பிடித்து அப்படியே வெட்டிவிட்டால் என்ன என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. உள்ளே ஏதேனும் இருக்கும்வரையில் எந்தக் கோப்புறையையும் அழிக்க முறைமை சம்மதிக்காது. தாயின் பெயரை வெட்டிவிட்டால், பிள்ளைகளின் பதிவுகள் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அவர்களிடம் போய்ச் சேர எந்த வழியும் இராது. மின்சாரம் திடீரென்று போகும்போது சில வேளைகளில் அவ்வாறு அநாதைகள் உண்டாவதும், பழுது பார்க்கும் நிரல் அவற்றைத் தேடிப் பொறுக்கித் தனியான ஓர் உறையில் சேர்ப்பதும் நடக்கிறது. ஆகையால் அழித்தல் எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்கவேண்டும்: கடைக்கோடி அறையைக் காலி செய்து, அதை இடித்து, அதன்பின் அதற்கு மேலுள்ளதை இடிக்கவேண்டும். கடைக்கோடி அறைக்கோ விலாசம் எல்லாவற்றிலும் நீளமானது. முதலில் கூப்பிடவேண்டியவனுடைய பெயர்தான் வாயில் நுழையாத பெயர். முடிச்சு முழுவதும் இவ்வளவுதான்.

முடிச்சு எங்கே என்று தெரிந்தபின் உபாயங்கள் தாமே தோன்றுகின்றன. எளியது, மேலேயுள்ள பெயர்களைக் குறுக்குவது. மேலிருந்து ஒவ்வோர் உறையாக இறங்கி, அதன் பெயரை ஒற்றை எழுத்தாக்கிக்கொண்டே போனால், மாவட்டத்தின் பெயர் குறுகியபோது ஊர்க்காரரின் விலாசமும் குறுகியதைப் போல, கீழுள்ளவை எல்லாம் தாமே எல்லைக்குள் வந்துவிடும். முன்சொன்ன இருபத்திரண்டு உறைகளையும் ஒற்றை எழுத்தாக்கினால் 244 என்ற நீளம் 46 ஆகச் சுருங்கும். ஆனால் அவ்வளவு தூரம் போகும் முன்பே காரியம் கைகூடிவிடும். நடுவிலுள்ள ஓர் உறையை வெட்டியெடுத்து வட்டின் தலைவாயிலில் ஒட்டுவதும் இதே பலனைத் தரும்.

இன்னொன்று, பாதி வழியில் ஓர் அடையாளத்தை நட்டுக்கொள்வது. நம்மூரில் வழி கேட்பவனிடம் யாரும் மாவட்டத்தில் ஆரம்பிப்பதில்லை. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் என்று சொல்லி அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம். 'சப்ஸ்ட்' என்ற கட்டளை, ஆழத்திலுள்ள ஓர் உறைக்கு எக்ஸ் என்பது போன்ற ஒற்றை வட்டெழுத்தைச் சூட்டிவிடுகிறது. அதன்பின் பாதை அங்கிருந்து புதிதாக எண்ணப்படும். மூன்றாவது, காவற்காரனுக்குக் காட்டும் அனுமதிச்சீட்டு: பாதையின் முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு வினாக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு என்று எழுதினால், இதைச் சோதிக்காமல் நேரே கோப்பு முறைமையிடம் கொடு என்று பொருள். அப்போதுதான் 32,767 என்ற பெரிய எல்லை வாய்க்கிறது. நீளத்தைக் குறித்து வைக்கும் கட்டத்தில் பதினாறு பிட்டுகளே இருப்பதால் 65,535 பைட்டுக்கு மேல் எண்ண முடியாது. குறி ஒன்றுக்கு இரண்டு பைட் என்று வகுத்தால் இந்த எண் வந்துவிடும். 'ரோபோகாப்பி' என்னும் நகலெடுக்கும் கட்டளைக்கு நீள்பாதை இயல்பிலேயே தெரியும் என்பதால், காலியான உறை ஒன்றைக் காட்டி, அந்தப் பொல்லாத உறையையும் இதேபோல் ஆக்கு என்று அதனிடம் சொல்லுகிற தந்திரமும் வழக்கில் இருக்கிறது. எதைப் போல் எதை ஆக்குவது என்பதைத் தலைகீழாக எழுதியவர் கதி அதோகதி.

இவற்றையெல்லாம்விட என் மனத்துக்குப் பிடித்தது லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வழி. நம் மாநிலத்தில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் ஏற்றிய கணினிகள் மாணவர்களுக்குக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று இன்னும் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். லினக்ஸிலும் ஒரே மூச்சில் சொல்லும் பாதைக்கு 4,096 பைட் என்ற எல்லை உண்டு. ஆனால் அங்கே அழிக்கும் கட்டளை முழு விலாசத்தை வாயால் சொல்வதே இல்லை. அது ஓர் அறைக்குள் நுழைந்து, அங்கே நின்றுகொண்டு, இங்கிருந்து அடுத்த அறை எது என்று மட்டும் கேட்டு அதனுள் நுழைகிறது. அடியைத் தொட்டபின், தான் நிற்கும் இடத்திலிருந்து ஒரே பெயரைச் சொல்லி அதை நீக்கிவிட்டு, ஓர் அறை பின்வாங்குகிறது. இதைத் தொடர்பாதை என்று சொல்லலாம். எங்கள் மலைக்கோட்டைக்கு ஏறுகிறவன் படிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டா ஏறுகிறான்? அடுத்த படி தெரிந்தால் போதும். விண்டோஸிலும் தொடர்பாதை உண்டு; ஆயினும் அது பெற்றுக்கொண்ட பெயரை முழு விலாசமாக விரித்து எண்ணிப் பார்த்த பிறகே உள்ளே விடுவதால், அந்த நன்மை அங்கே சித்திப்பதில்லை.

லினக்ஸிடம் தமிழருக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'திண்டுக்கல்' என்ற சொல்லில் நமக்கு ஆறெழுத்து. கணினியின் ஒருங்குறிக் கணக்கில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொக்கியும் தனித்தனிக் குறிகளாகையால் அது பதினொன்று. விண்டோஸ் அதைப் பதினொன்று என்றே எண்ணும். லினக்ஸின் வழக்கமான முறைமைகளோ பைட்டில் எண்ணுவதாலும், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் செலவாவதாலும், அங்கே அது முப்பத்துமூன்று. ஒரு பெயருக்கு 255 பைட் என்ற எல்லையில் ஆங்கிலேயன் 255 எழுத்து எழுதும் இடத்தில், நமக்கு 85 குறிகள், அதாவது ஏறத்தாழ ஐம்பது எழுத்துகளே வாய்க்கின்றன. கல்யாணப் பத்திரிகையின் ஒரு வரிக்குக்கூட அது போதாது.

நண்பரின் கடையில் நாங்கள் செய்தது முதல் உபாயந்தான். பையன் மேலிருந்து ஐந்து உறைகளின் பெயர்களை 'அ' என்று மாற்றியவுடனேயே, பல மாதங்களாகத் திறக்காத கடைக்கோடி அறை திறந்துகொண்டது. ஏதோ அரிய படம் இருக்கும் என்று மூவரும் எட்டிப் பார்த்தோம். படங்களின் சிறுவடிவங்களைக் கணினி தன் வசதிக்காக எழுதி வைத்துக்கொள்ளும் 'தம்ஸ்' என்ற கோப்பு ஒன்று மட்டுமே அங்கே இருந்தது. மற்ற அறைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்து அழித்தோம்.

இனிமேலாவது உறைகளுக்குச் சின்னப் பெயராக வைக்கலாமே என்றேன். "கொக்கி மாதிரி ஒத்தை எழுத்து வச்சா எனக்கு எப்படிய்யா தெரியும்? அவங்க பேரைச் சொல்லித்தானே வந்து கேக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே, அன்று காலை எடுத்த முகூர்த்தத்துக்கு நண்பர் புதிய உறை ஒன்றைத் திறந்து, மாப்பிள்ளை பெயர், பட்டம், பெண்ணின் பெயர், பட்டம், மண்டபம், ஊர், தேதி என்று தட்டச்சிடத் தொடங்கினார். பையன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, உதடு அசைய, ஒவ்வொரு குறியாக எண்ணிக்கொண்டிருந்தான்.